அன்பு மட்டும் போதுமா?

நோயுற்றவருக்குத் தொண்டு செய்ய என்ன வேண்டும் என்று கேட்டால், அன்பு வேண்டும் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். பொறுமை வேண்டும், அருவருப்புக் கொள்ளாத மனம் வேண்டும், இனிய சொல் வேண்டும் என்று சிலர் மேலும் சேர்ப்பர். இவை அனைத்தும் உண்மையே. ஆயினும் செவிலியர் தேர்வுக்குத் தயாராகும் ஒரு மாணவியின் மேசையைப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. நாடி நிமிடத்திற்கு எத்தனை முறை துடிக்க வேண்டும், மூச்சு எத்தனை, இரத்த அழுத்தம் எவ்வளவு, எந்த நோயாளியை எந்த நிலையில் படுக்க வைக்க வேண்டும், கையை எப்போதெல்லாம் கழுவ வேண்டும் என்று நூற்றுக்கணக்கான செய்திகளை அவள் மனத்தில் பதித்துக்கொண்டிருக்கிறாள். தேர்வு நெருங்க நெருங்க, அன்பு, கருணை என்பவற்றைப் பற்றி எண்ணவும் அவளுக்கு நேரம் இருப்பதில்லை.

இந்தப் படிப்பு வெறும் பிழைப்புக்கான படிப்புதானா? அல்லது இதுவும் சேவையின் ஒரு பகுதியா? தூய உள்ளத்தோடு ஒருவர் பணிவிடை செய்கிறார். அறியாமையால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்துவிடுகிறது. அவருடைய நல்லெண்ணம் அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமா? சேவையைப் பெரிதாக மதிக்கும் எவரும் இந்தக் கேள்வியைத் தவிர்க்க இயலாது.

முன்னோர் வகுத்த நான்கு பண்புகள்

நமது நாட்டின் பழைய மருத்துவ நூல்கள் இந்தக் கேள்வியை எதிர்கொண்டுள்ளன. மருத்துவர், மருந்து, பணிவிடை செய்பவர், நோயாளி ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று சரக சம்ஹிதை வகுக்கிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் இதே நான்கையே கூறுகிறது. நோயாளியின் அருகிலிருந்து பேணுபவரை மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்காக வைத்தது, அந்தப் பணியின் பெருமையை நம் முன்னோர் எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பதைக் காட்டுகிறது.

சரகர் அத்துடன் நிற்கவில்லை. பணிவிடை செய்பவருக்கு வேண்டிய பண்புகள் நான்கு என்கிறார்: பணிவிடை முறைகளை அறிந்திருத்தல், செயல்திறன், நோயாளியிடம் அன்பு, தூய்மை. அன்பு இந்த வரிசையில் இருக்கிறது. ஆனால் அது தனியாக இல்லை. அறிவும் திறனும் தூய்மையும் அதனுடன் நிற்கின்றன. அன்பு உள்ளவரே போதும் என்று சரகர் கருதியிருந்தால் மற்ற மூன்றையும் கூறத் தேவையிருந்திருக்காது. இன்று செவிலியர் கல்லூரிகளில் ‘செவிலியப் பணியின் அடிப்படைகள்’ என்ற பெயரில் முதலாம் ஆண்டிலேயே கற்பிக்கப்படும் பாடம், இந்த மூன்றையும் பற்றியதே.

ஸ்கூட்டாரியில் ஒரு குளிர்காலம்

அன்புக்கு அறிவு துணை நிற்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு ஒரு கசப்பான சான்றைத் தருகிறது. கிரிமியப் போரில் காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்களைப் பேண, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் 1854 நவம்பரில் துருக்கியின் ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். இரவில் கையில் விளக்குடன் படுக்கை படுக்கையாகச் சென்று வீரர்களைக் கவனித்த அவருடைய உருவம் உலகறிந்தது. அவருடைய பரிவில் குறை காண எவராலும் இயலாது.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மரணங்கள் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அங்கே இறந்தோர் விகிதம் சுமார் 42 சதவீதத்தை எட்டியது. காரணம் மருத்துவமனையின் அடியிலேயே இருந்தது. கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டிருந்தன, குடிநீர் கெட்டிருந்தது, கூடங்களில் காற்றோட்டம் இல்லை. மார்ச் மாதத்தில் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து கால்வாய்களைக் கழுவிவிட்டது. நீர் வரும் வழியைச் சீர்செய்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது. காற்று வர வழி செய்தது. ஜூன் மாதத்திற்குள் மரண விகிதம் ஏறத்தாழ 2 சதவீதமாகக் குறைந்தது.

போர் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளருடன் சேர்ந்து அந்தக் கணக்குகளை ஆராய்ந்தார். போர்க் காயங்களால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய தொற்றுநோய்களால் இறந்தவர்களே மிகப் பலர் என்பது புலனாயிற்று. தாம் இரவும் பகலும் பேணிய கூடங்களிலேயே அது நிகழ்ந்திருந்தது. வேறொருவராயின், தம்மால் இயன்றதைச் செய்தோம் என்று ஆறுதல் கொண்டிருக்கலாம். அவர் அந்த எண்களை மறைக்காமல் வரைபடங்களாக்கி, ஆட்சியாளர்களின் முன் வைத்தார். 1859-இல் செவிலியப் பணி பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அதன் முதல் பாடமே தூய காற்றைப் பற்றியது. 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. விளக்கேந்திய பெண்மணியின் புகழுக்கு நிகராக, புத்தகமும் கணக்கும் ஏந்திய பெண்மணியின் புகழும் பேசப்பட வேண்டும்.

உப்பும் சர்க்கரையும் நீரும்

நம் நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டால், வயிற்றுக்கு ஓய்வு வேண்டும் என்று எண்ணி நீரையும் உணவையும் நிறுத்திவிடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. அவ்வாறு செய்த தாய்மார்களிடம் அன்பு குறைவாகவா இருந்தது? தாயன்பைவிடப் பெரிய அன்பை உலகில் எங்கே தேடுவது? ஆயினும் உடல் நீரிழந்து வாடும் குழந்தைக்கு நீர் மறுக்கப்பட்டது. அன்பு நிறைந்த கைகளே, அறியாமையால், உயிர் காக்கும் நீரைத் தள்ளி வைத்தன.

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்திற்குள் வந்தனர். எல்லைப்புற ஊரான பன்காவில் இருந்த முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே செலுத்தும் சலைன் போதவில்லை. அங்கே பணியாற்றிய மருத்துவர் திலீப் மஹலநபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரை நோயாளிகளுக்கு வாய்வழி அளிக்கச் செய்தார். குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படும்போது உப்பும், உப்போடு நீரும் உடலுக்குள் சேர்கின்றன என்பதே இதன் அடிப்படை. நோயாளிகளின் உறவினர்களே அந்த நீரைப் புகட்டினர். அதுவரை 30 சதவீத அளவில் இருந்த மரணம், அவருடைய கண்காணிப்பில் இருந்தோரிடையே 4 சதவீதத்திற்கும் கீழே குறைந்தது.

அங்கே நோயாளிகளின் அருகில் இருந்தவர்கள் அதே தாய்மார்கள், அதே சகோதரர்கள். அவர்களுடைய அன்பு முன்னைவிடக் கூடிவிடவில்லை. எந்த அளவில் எதைக் கலந்து, எவ்வளவு அடிக்கடி கொடுப்பது என்ற அறிவு புதிதாகச் சேர்ந்தது. ஒரு லிட்டர் தூய நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது இன்று செவிலியத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி. அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் நிற்கின்றன என்பதை அறிந்தால், அதை மனப்பாடம் செய்யும் மாணவியின் மனநிலையே மாறிவிடும்.

தேர்வின் கேள்விகளுக்குள் இருக்கும் அறம்

அடிப்படைப் பாடத்தின் செய்திகள் முதற்பார்வைக்கு வறண்டவை. ஊன்றிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஓர் அறநெறி அடங்கியிருக்கிறது.

முதிர்ந்த ஒருவரின் மூச்சு, ஓய்வில் இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டும். அதை எண்ணும்போது, எண்ணுவதாக நோயாளியிடம் கூறக்கூடாது என்று பாடநூல் சொல்கிறது. தம் மூச்சு எண்ணப்படுகிறது என்று தெரிந்தால் அவருடைய மூச்சின் வேகம் மாறிவிடும். ஆகவே நாடியை எண்ணி முடித்த பிறகும் விரல்களை அவருடைய மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு, மார்பின் ஏற்ற இறக்கத்தைக் கவனித்து மூச்சை எண்ண வேண்டும். பிறரைத் தொந்தரவு செய்யாமல் அவரை முழுமையாகக் கவனிப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இருக்க முடியாது.

‘நான்கு நோயாளிகளில் முதலில் யாரிடம் செல்ல வேண்டும்?’ என்பது தேர்வுகளில் தவறாமல் வரும் கேள்வி வகை. ஒருவர் வலியால் உரக்கக் கூவுகிறார். ஒருவருடைய உறவினர் கோபத்துடன் அழைக்கிறார். ஒருவருக்கு மருந்து தரும் நேரம் ஆகிவிட்டது. நான்காமவர் ஓசையின்றி மூச்சுத் திணறுகிறார். மூச்சுப் பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையை அறிந்தவர் நான்காமவரிடம் செல்வார். அறியாதவர் பெரும்பாலும் உரக்க அழைத்தவரிடமே செல்வார். கூச்சலுக்கு முதலிடம் தராமல் தேவைக்கு முதலிடம் தருவது நீதி. அந்த நீதியைச் செய்ய நல்லெண்ணம் மட்டும் போதாது. எது அவசரம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து தருவதற்கு முன், சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் ஆகிய ஐந்தையும் சரிபார்க்க வேண்டும். நேற்றும் அதே படுக்கையில் அதே முதியவர்தானே இருந்தார் என்று இன்று பெயரைக் கேட்காமல் விடக்கூடாது. நினைவின் மீது கொள்ளும் அளவற்ற நம்பிக்கையை இந்த விதி தினமும் அடக்குகிறது. பணிவு என்று நூல்கள் போற்றும் பண்பு, மருத்துவமனையில் இந்த வடிவத்தில் வாழ்கிறது.

படுக்கைப்புண் பற்றிய பாடமும் அத்தகையதே. அழுத்தம் படும் இடத்தில் தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால் அது முதல் நிலை என்பது பாடநூல் விளக்கம். நம் நாட்டவர் பலருடைய கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட வெதுவெதுப்பாகவோ, இறுக்கமாகவோ, குழைவாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். புத்தகத்தின் ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்தவர், சிவப்பு இல்லை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்த வரியின் காரணத்தையும் புரிந்துகொண்டவர் தொட்டுப் பார்ப்பார்.

யாருக்காகப் படிப்பது?

தேர்வைப் போட்டியாகவே காண்பது இன்றைய இயல்பாகிவிட்டது. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க 2020 முதல் நடைபெறும் நார்செட் தேர்வுக்கு நாடெங்கிலும் உள்ள இளைஞர்கள் தயாராகின்றனர். பலருடைய குடும்பங்கள் கடன் வாங்கிப் படிக்க வைத்திருக்கின்றன. வேலை வேண்டும் என்ற அவர்களுடைய கவலையைக் குறைத்து மதிப்பது நியாயமன்று. பிழைப்புக்காக ஒரு நல்ல தொழிலைக் கற்பதில் இழிவு ஏதும் இல்லை.

எனினும் தேர்வு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அமெரிக்காவில் செவிலியராகப் பணியாற்ற விரும்பும் இந்தியர்களும் எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வைக் கருதலாம். அதில் முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. முந்தைய விடைகளைக் கொண்டு அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கிறது. குறைந்தது 85 கேள்விகள், மிகுதியாக 150. இவரிடம் நோயாளியை நம்பி ஒப்படைக்கலாமா என்ற ஒன்றை மட்டுமே அது முடிவு செய்கிறது. மற்றவர்களைவிட இவர் சிறந்தவரா என்று அது கேட்பதில்லை.

எல்லாத் தேர்வுகளின் உட்பொருளும் இதுவே. தேர்வுக்கூடத்தில் நோயாளி இல்லை. அவருடைய சார்பில் கேள்வித்தாள் இருக்கிறது. நாளை மயக்கத்தில் கிடக்கப்போகும் ஒருவர், பேச இயலாத ஒரு பச்சிளங்குழந்தை, தமக்கு என்ன ஊசி போடப்படுகிறது என்று கேட்கத் துணியாத ஒரு கிராமத்து மூதாட்டி ஆகியோர் கேட்க வேண்டிய கேள்விகளை அந்தத் தாள் முன்கூட்டியே கேட்கிறது. அங்கே பார்த்து எழுதுபவர் மேற்பார்வையாளரை ஏமாற்றவில்லை. அந்த மூதாட்டியை ஏமாற்றுகிறார்.

அறியாமை எப்போது குற்றமாகிறது என்பதற்கும் இங்கே விடை கிடைக்கிறது. வழியில் மயங்கி விழுந்தவருக்கு, தெரிந்த அளவில் உதவ முற்படும் வழிப்போக்கரின் அறியாமை மன்னிக்கத்தக்கது. இந்தப் பணியை நான் செய்வேன் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கான சீருடையை அணிந்து, ஒருவரைத் தம் கையில் நம்பிக்கையோடு படுக்க வைத்தவரின் நிலை வேறு. கற்க வாய்ப்பு இருந்தும் கற்காமல் விட்ட அறியாமைக்கு அவர் பொறுப்பாளி ஆகிறார். நல்லெண்ணம் அவருடைய குற்றத்தைக் குறைக்கலாம். நோயாளியின் துன்பத்தைக் குறைக்காது.

யாரும் பார்க்காத வேளை

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றிய அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் கொடிய தாக்குதலுக்கு உள்ளாகி மூளை பாதிக்கப்பட்டார். அன்று முதல் 2015 மே மாதம் மறையும் வரை, 41 ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த மருத்துவமனையின் செவிலியரே அவரைப் பேணினர். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த வேண்டும் என்ற மனுவின் மீது 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தனை ஆண்டுகளிலும் அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை என்பதைச் சுட்டி, அந்தச் செவிலியரின் தொண்டைப் பாராட்டியது.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அசைய இயலாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பாடநூல் விதி. அந்தக் கணக்கில் நாளைக்குப் பன்னிரண்டு முறை; ஆண்டுக்கு நாலாயிரத்துக்கும் மேல். அதனுடன் தோலைத் துடைத்து உலர்த்துதல், விரிப்பின் சுருக்கங்களை நீக்குதல், போதிய உணவு ஊட்டுதல். தலைமுறை தலைமுறையாகச் செவிலியர் மாறினர். கற்ற பாடம் கைமாறி வந்தது. அங்கே அன்பும் அறிவும் வெவ்வேறாக இருந்தன என்று எவரால் பிரித்துக் கூற முடியும்?

இரவு மூன்று மணிக்கு வார்டில் மேற்பார்வைக்கு எவரும் இருப்பதில்லை. நோயாளியைத் திருப்பாமலேயே, திருப்பியதாகக் குறிப்பேட்டில் எழுதிவிட இயலும். இரத்த அழுத்தத்தைப் பார்க்காமலேயே நேற்றைய எண்ணை இன்றும் எழுத இயலும். செய்த பின்பே எழுதுக, செய்யாததை எழுதாதே என்பதும் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. தேர்வில் அது எளிய கேள்வி. இரவு மூன்று மணிக்கு அதற்குச் சரியான விடை எழுதுவது கடினம். அங்கே விடை திருத்த வருபவர் மனசாட்சி ஒன்றே.

அறிவு மட்டும் போதுமா?

இதற்கு எதிராக ஒரு கேள்வி எழுவது இயல்பு. எல்லாவற்றையும் அறிந்தும், நோயாளியின் முகத்தைக்கூடப் பாராமல் ஊசி போட்டுச் செல்பவர்கள் இல்லையா? பட்டமும் மதிப்பெண்ணும் பெற்றவரிடம் கிடைக்காத ஆறுதல், எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவிடம் கிடைப்பதில்லையா?

கிடைப்பதுண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. அறிவு அன்பின் இடத்தை நிரப்பாது. நோயாளியைப் படுக்கை எண்ணால் அழைப்பவர், அவருடைய நாடியைச் சரியாக எண்ணினாலும் அவருடைய அச்சத்தை அறியமாட்டார். அச்சத்தை அறியாதவர், அவர் சொல்லாமல் மறைக்கும் வலியையும் தவறவிடுவார். ஆகவே அன்பில்லாத அறிவு, அறிவு என்ற அளவிலேயே குறையுடையது. சரகர் நான்கு பண்புகளையும் ஒருவரிடமே வேண்டியதன் காரணம் இதுவே.

இந்த இரண்டையும் இணைப்பது சிரத்தை. ஒன்றில் முழு மனத்தையும் வைத்தல் என்பது அதன் பொருள். அன்புள்ளவர் சிரத்தையோடு இருந்தால், தமக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் அமைதியாக இருக்க முடியாது. அறிவுள்ளவர் சிரத்தையோடு இருந்தால், எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைக் காணாமல் அவரால் கடந்து செல்ல முடியாது.

இந்தப் பாடம் செவிலியருக்கு மட்டும் உரியதன்று. இன்று பல இல்லங்களில் முதிய பெற்றோர் படுக்கையில் இருக்கின்றனர். அவர்களைப் பேணும் மகனும் மகளும் மருமகளும் எந்தத் தேர்வையும் எழுதியவர்கள் அல்லர். படுத்த நிலையில் இருப்பவரைச் சற்றே நிமிர்த்தி உட்கார வைத்து உணவூட்டினால் புரையேறும் ஆபத்து குறையும். ஒருவரைத் தொடும் முன்பும் தொட்ட பின்பும் கை கழுவ வேண்டும். ஒரே பக்கமாக நெடுநேரம் படுக்க விடக்கூடாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் அங்குள்ள செவிலியரிடம் அரைமணி நேரம் கேட்டுக் கற்றுக்கொண்டால், அந்தப் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை எவ்வளவோ மேம்படும்.

நள்ளிரவில் விளக்கின் கீழ் அமர்ந்து, மருந்தளவுக் கணக்கை மூன்றாம் முறையாகப் போட்டுப் பார்க்கும் மாணவி தன்னைச் சேவகி என்று எண்ணிக்கொள்ளாமல் இருக்கலாம். வரப்போகும் தேர்வே அவளுடைய கவலையாக இருக்கலாம். ஆயினும் அவள் சரிசெய்யும் அந்த ஒரு புள்ளி, இன்னும் அவள் காணாத ஒருவருடைய உயிரைக் காக்கக்கூடும். அந்த நோயாளியை மனத்தில் நிறுத்தி அவள் படிப்பாளாயின், பணிவிடை அந்த மேசையிலேயே தொடங்கிவிடுகிறது.